ஓடிஸ் ரெடிங்கின் ஒரு 45: துடைத்தவையும் துடைக்காமல் விட்டவையும்

என்னிடம் வந்தது ஏழு அங்குல விட்டமுள்ள ஒரு சிறிய இசைத்தட்டு. வோல்ட் இசைத்தட்டு நிறுவனத்தின் 157-ஆம் எண், நிமிடத்துக்கு 45 சுற்று, ஒரு பக்கத்தில் அமெரிக்கப் பாடகர் ஓடிஸ் ரெடிங் பாடிய ‘டாக் ஆஃப் தி பே’, மறுபக்கத்தில் ‘ஸ்வீட் லொரீன்’. 1968 ஜனவரியில் வெளிவந்த இந்தச் சோல் (ஆப்பிரிக்க அமெரிக்க இசைவகை) பாடல் லட்சக்கணக்கில் விற்றது என்பதால், அதன் பழைய பிரதிகள் இன்றும் சில டாலருக்குக் கிடைக்கின்றன; சேகரிப்பாளர்கள் அலைந்து தேடும் அரும்பொருள் அன்று. ஆனால் இந்த ஒரு பிரதிக்கு மாற்று கிடையாது. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் எங்கள் வீட்டுக்கு எதிரில் வசிக்கும், எழுபது வயதைத் தொட்ட ஆப்பிரிக்க அமெரிக்க அம்மையார் ஒருவருடையது இது. இதை வாங்கியவர் அவருடைய அண்ணன், மாலைதோறும் ஓடவிட்டவர் அப்பா, சமையலறையிலிருந்து கூடவே முணுமுணுத்தவர் அம்மா. மூவரும் இப்போது இல்லை. கோடையில் கூடும் குடும்பச் சந்திப்பில் எல்லோரும் கேட்கும்படி இதை ஒலிக்கோப்பாக மாற்றித் தர வேண்டும், தட்டுக்கு ஒரு கீறல்கூடப் புதிதாக விழக்கூடாது என்று இரண்டு நிபந்தனைகளுடன் அவர் இதைக் கொடுத்தார். பாடலை இணையத்தில் ஒரு நொடியில் கேட்கலாம் என்பது அவருக்கும் தெரியும். அவர் கேட்டது பாடலை அன்று, இந்தத் தட்டை.

பழைய தட்டு கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, அது எந்தப் பொருளால் ஆனது என்று அறிவது. நம் வீடுகளில் கிடக்கும் பழைய திரைப்பாடல் ஈ.பி.க்களைக் கையாண்டு பழகியவர்கள் எல்லாவற்றையும் வினைல் என்றே எடுத்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் அந்தக் காலத்து 45-களில் கணிசமானவை பாலிஸ்டைரீனால், சுருக்கமாக ஸ்டைரீனால், ஆனவை. வினைலைச் சூடாக்கி இரு அச்சுகளுக்கிடையே அழுத்துவார்கள். அந்த அழுத்தத்திலேயே லேபிளும் தட்டோடு ஒன்றிவிடும். ஸ்டைரீனை உருக்கி அச்சுக்குள் பாய்ச்சுவார்கள். லேபிளைப் பின்னர் பசையிட்டு ஒட்டுவார்கள். ஆகவே லேபிளின் ஓரத்தை நகத்தால் மெல்ல வருடினால் காகிதத்தின் விளிம்பு தட்டுப்பட்டால், அது ஸ்டைரீன் என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம். வளையாத விறைப்பும், விரலால் சுண்டினால் எழும் மெல்லிய கீச்சொலியும் அதை உறுதிப்படுத்தும். இந்தத் தட்டு ஸ்டைரீன். இதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த வேலையைத் தொடங்கவே கூடாது. ஏனென்றால் ஸ்டைரீன் வினைலைவிட எளிதில் தேயும், எளிதில் விரிசல் விடும், ஒட்டிய லேபிளோ ஈரம் பட்டால் கழன்று வந்துவிடும்.

இங்கேதான் ஒரு குடும்ப வழக்கு குறுக்கிட்டது. இந்தத் தட்டு மெக்லெமோர் அவென்யூவில், ஸ்டாக்ஸ் ஒலிப்பதிவுக்கூடத்தை ஒட்டி எஸ்டெல் ஆக்ஸ்டன் நடத்திய சாட்டிலைட் கடையில் வாங்கியது என்று அம்மையாரின் தங்கை அடித்துச் சொல்கிறாராம். அம்மையாரோ, வியட்நாமுக்குக் கப்பலேறுவதற்கு முன் ஓக்லண்டு ராணுவத் தளத்தில் தங்கியிருந்த அண்ணன், அங்கிருந்து தபாலில் அனுப்பியது என்கிறார். பாடல் ஒலிப்பதிவானது மெம்ஃபிஸில். மெம்ஃபிஸிலேயே, செல்சி அவென்யூவில், பிளாஸ்டிக் ப்ராடக்ட்ஸ் என்ற பெரிய தட்டு ஆலை இருந்தது. எல்விஸின் முதல் தட்டுகள் உட்பட சன் நிறுவனத்தின் தட்டுகள் அங்கு அச்சானவை. அங்கு அச்சானவை வினைல். உள்ளூர்க் கடையில் வாங்கியிருந்தால் வினைல் பிரதி கிடைத்திருக்கவே வாய்ப்பு அதிகம். தட்டைச் சாய்வான ஒளியில் பிடித்து, பாடல் முடிந்து லேபிள் தொடங்கும் வெற்று வளையத்தைக் கைலென்சால் பார்த்தபோது, ஒரு சிறு முக்கோணமும் அதையடுத்துக் கையால் பொறித்த எண்களும் தெரிந்தன. லாஸ் ஏஞ்சலிஸின் மோனார்க் ஆலை தன் அச்சுகளில் இட்ட அடையாளம் அது. மேற்குக் கரைக்கான பிரதிகளை ஸ்டைரீனில் வார்த்தது அந்த ஆலை. தட்டுகள் ஊர்விட்டு ஊர் போகும், ஒரு முக்கோணத்தை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது என்று நான் சொல்லிப் பார்த்தேன். அம்மையார் கேட்பதாக இல்லை. அன்றைக்கே தங்கைக்குத் தொலைபேசியில் அழைத்துவிட்டார்.

லேபிளின் மேல் நீல மையில் இரண்டு எழுத்துகள் உள்ளன, அண்ணனின் பெயர் முதலெழுத்துகள். வீட்டு விருந்துகளுக்கு ஆளாளுக்குத் தட்டுகளை எடுத்துப் போவார்கள், இரவு முடிவில் யாருடையது எது என்று சண்டை வரும் என்பதற்காக அப்படி எழுதுவது வழக்கம். பழைய 45-களை விற்பவர்கள் இதைக் குறையாகக் கணக்கிட்டு விலையைக் குறைப்பார்கள். நான் செய்த பாதுகாப்பு ஏற்பாடுகளில் பாதி அந்த இரண்டு எழுத்துகளுக்காகச் செய்தவை.

தட்டு எவ்வளவு தேய்ந்திருக்கும் என்பதை அதன் கதையைக் கேட்டே ஊகிக்கலாம். ஓடிஸ் ரெடிங் 1967 நவம்பர் 22-இல் இப்பாடலின் ஒலிப்பதிவைத் தொடங்கி, டிசம்பர் தொடக்கத்தில் மேலும் சில பகுதிகளைச் சேர்த்தார். டிசம்பர் 10-இல் விஸ்கான்சினில் மாடிசன் நகரை ஒட்டிய மொனோனா ஏரியில் அவருடைய சிறுவிமானம் விழுந்தது. அவரும் அவருக்குப் பின்னணி வாசித்த பார்-கேஸ் குழுவின் இளைஞர்கள் நால்வரும் அதில் இறந்தனர். அப்போது அவருக்கு வயது 26. பாடல் 1968 மார்ச் நடுவில் அமெரிக்காவின் முதலிடத்தை எட்டி நான்கு வாரம் அங்கேயே நின்றது. அதே வாரங்களில் மெம்ஃபிஸில் ஏறத்தாழ 1,300 துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். பிப்ரவரி 1 அன்று குப்பை வண்டியின் நசுக்கும் பொறியில் எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்னும் இருவர் சிக்கி இறந்ததையடுத்து, 12-ஆம் தேதி தொடங்கிய போராட்டம் அது. அம்மையாரின் தந்தை அந்தத் தொழிலாளர்களில் ஒருவர். மார்ச் 28 ஊர்வலம் கலவரத்தில் முடிந்து, தேசியக் காவல்படை நகருக்குள் வந்து, மாலை ஏழு மணி முதல் ஊரடங்கு என்று அறிவித்தார்கள். ஏப்ரல் 4 அன்று லொரைன் விடுதியில், தொழிலாளர்களுக்கு ஆதரவாக வந்திருந்த மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒப்பந்தம் ஏற்பட்டது 16-ஆம் தேதி. கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, வானொலியின் செய்தி வேண்டாம் என்று அப்பா இந்தத் தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டதாக அம்மையார் சொன்னார். வேறு தட்டுகளும் வீட்டில் இருந்தன; மகன் அனுப்பியது என்பதால் இதற்கு முறை அதிகம்.

துப்புரவுக்கு வருகிறேன். தட்டின் உறைக்குள், அதனோடு நேராக ஒட்டியபடி, அண்ணனின் இறுதிச் சடங்கில் வழங்கிய அச்சிட்ட நிகழ்ச்சி மடல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. இறந்தவரின் படமும் வாழ்க்கைக் குறிப்பும் கொண்ட இந்த மடல்களைக் கறுப்பினக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் பாதுகாக்கின்றன. மெம்ஃபிஸின் கோடைப் புழுக்கத்தில் மடலின் மை தட்டின் மறுபக்கத்தில் படிந்துவிட்டது. விளக்கொளியைச் சாய்த்துப் பார்த்தால், தடங்களின் குறுக்கே கண்ணாடிப் பிம்பமாகச் சில எழுத்துகளும், பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் படிக்கும்படி தெரிந்தன. அதை முதலில் படமெடுத்து அம்மையாரிடம் காட்டி, துடைக்கலாமா என்று கேட்டேன். மடல் பத்திரமாக இருக்கும்போது அதன் நிழல் எதற்கு என்று அவர் சொன்ன பிறகே கை வைத்தேன்.

இணையத்தில் சுற்றும் துப்புரவுச் செய்முறைகளில் பாதி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொடங்குகின்றன. ஸ்டைரீன் மேல் அதை நான் பயன்படுத்துவதில்லை. மரப்பசையைப் பூசி, காய்ந்ததும் உரித்தெடுக்கும் முறையும் வினைலுக்கே ஆகும்; இந்தத் தட்டில் அதைச் செய்தால் பசையோடு லேபிளும் வந்துவிடும். நான் எடுத்துக்கொண்டது காய்ச்சி வடித்த நீரும், ஒரு லிட்டருக்குச் சில துளி என்ற அளவில், ஒளிப்படச் சுருள் கழுவுவோர் பயன்படுத்தும் நுரையாத ஈரமூட்டியும் மட்டுமே. லேபிளின் இருபுறமும் ரப்பர் விளிம்பு கொண்ட வட்ட மூடிகளை வைத்து நடுவில் திருகி இறுக்கினேன். இவ்வகை மூடிகள் 45-இன் ஒன்றரை அங்குல நடுத்துளைக்கும் பொருந்தும்படி தனியாகக் கிடைக்கின்றன. பெரிய தட்டுக்கான மூடியை வைத்து ஒப்பேற்றினால் நீர் உள்ளே கசியும். மென்மயிர்த் தூரிகையை நனைத்து, தடத்தின் போக்கிலேயே வட்டமாக இழுக்க வேண்டும், குறுக்கே ஒருபோதும் கூடாது. தட்டை நீரில் முக்கவில்லை. மை படிந்த இடத்தில் மட்டும் ஈரப் பஞ்சை ஒற்றி, சற்று ஊறவிட்டு, தேய்க்காமல் உருட்டி எடுத்தேன். எண்கள் பஞ்சில் சாம்பல் நிறக் கறையாக வந்தன. பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரால் ஒருமுறை அலசி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி, நிழலில் நிறுத்தி உலர்த்தினேன். லேபிளின் நீல மை அப்படியே இருந்தது.

அடுத்தது தாவல். பாடலின் நடுப்பகுதியில் தட்டின் குறுக்கே சாய்வாக ஒரு கீறல் ஓடுகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால், கீறல் தடத்தின் சுவரை வெட்டிய இடங்களில் பொருள் பிதுங்கி ஒரு சிறு வரம்பாக நிற்பது தெரிந்தது. ஊசி அதில் மோதி உள்பக்கமாக அடுத்த தடத்துக்குத் தாவிவிடும். நிமிடத்துக்கு 45 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.33 நொடி, ஆகவே ஒவ்வொரு முறையும் பாடலில் அவ்வளவு நேரம் காணாமல் போகும். வினைலில் இப்படி ஒரு வரம்பு இருந்தால், நுண்ணோக்கியின் கீழ் கூரிய மரக்குச்சியால் அதை மெல்லப் பக்கவாட்டில் தள்ளிச் சரி செய்யலாம், ஏனென்றால் வினைல் கொஞ்சம் இழுவை உள்ளது. ஸ்டைரீன் அப்படி வளையாது, தெறித்துவிடும். ஆகவே குச்சியை எடுக்கவே இல்லை.

அம்மையார்தான் வழியைச் சொன்னார், அது வழி என்று தெரியாமலே. அவருடைய தந்தை ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மின் தலையில் ஒரு சென்ட் நாணயத்தை வைப்பாராம். நாணயம் இருந்தால் தட்டு தாவாது. வியட்நாமிலிருந்து திரும்பிய அண்ணன், அம்மா பாடிக்கொண்டிருக்கும்போது ஓசைப்படாமல் நாணயத்தை எடுத்துவிடுவாராம். பாட்டு தாவும், அம்மா பழைய இடத்திலேயே பாடிக்கொண்டிருப்பார், வீடே சிரிக்கும். பிறகு அம்மாவே தாவிய வரிசையில் பாடக் கற்றுக்கொண்டாராம். 1982-க்கு முந்தைய செம்பு சென்ட் நாணயத்தின் எடை 3.11 கிராம். அந்தக் காலத்துப் பெட்டி பிளேயர்களில் ஊசியைப் பொருத்தும் செராமிக் கார்ட்ரிட்ஜ் ஐந்தாறு கிராம் அழுத்துவது சாதாரணம். அதன் மேல் இது வேறு. தடங்கள் ஏன் இப்படித் தேய்ந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. அதே சமயம், பழுது தட்டில் மட்டும் இல்லை, தட்டுக்கும் ஊசியின் அழுத்தத்துக்கும் இடையில் இருக்கிறது என்பதும் புரிந்தது. என் டர்ன்டேபிளில் 2 கிராம் அழுத்தத்தில் ஊசி தாவியது. 4 கிராமில் கீறலைக் கடந்து நேராகப் போனது. அந்த அழுத்தத்துக்கென்றே வடிவமைத்த மோனோ (ஒற்றை அலைவரிசை) ஊசியில் 4 கிராம் என்பது ஏற்கத்தக்கதே. ஆனாலும் ஸ்டைரீனில் ஒவ்வொரு ஓட்டமும் கொஞ்சத்தைச் சுரண்டிக்கொண்டுதான் போகும் என்பதால், சோதனைகளைக் கீறல் உள்ள சில சுற்றுகளோடு நிறுத்திக்கொண்டு, முழு ஓட்டத்தைப் பதிவுக்கென்றே ஒதுக்கினேன்.

ஊசியின் அளவும் முக்கியம். ஸ்டீரியோ தட்டுகளுக்கான கூம்பு ஊசியின் முனை 0.7 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது சுமார் 18 மைக்ரான். பழைய மோனோ தட்டுகளுக்கானது 1 மில், 25 மைக்ரான். பெரிய முனை தடத்தின் சுவரில் சற்று மேலே உட்காரும். சிறிய முனை ஆண்டுக்கணக்கில் அரைத்த இடத்துக்கு அது இறங்காது. இரண்டையும் மாற்றிக் கேட்டதில், குரல் உயரும் இடங்களில் வரும் கரகரப்பு 25 மைக்ரானில் வெகுவாகக் குறைந்தது. நீள்வட்ட முனை கொண்ட விலையுயர்ந்த ஊசிகளை ஸ்டைரீனில் இறக்காதீர்கள். அவற்றின் நுணுக்கம் இங்கே கேடாக முடியும். தட்டு மோனோ என்பதால் இடது, வலது இரண்டு அலைவரிசைகளையும் தனித்தனியே 96 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 96,000 ஒலி அளவீடுகள்), 24 பிட்டில் பதிந்து, பின்னர் ஒன்றாகக் கூட்டினேன். பாடல் ஊசியைப் பக்கவாட்டில் மட்டுமே அசைக்கிறது. அழுக்கும் தேய்மானமும் மேலும் கீழுமாகவும் அசைக்கின்றன. கூட்டும்போது இந்த மேல்கீழ் அசைவு தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது.

இதன் பிறகு வந்ததுதான் இந்த வேலையின் உண்மையான சிக்கல். இரைச்சல் நீக்கும் மென்பொருள்கள் வேலை செய்யும் விதம் எளிது. பாடல் தொடங்குமுன் உள்ள வெற்றுத் தடத்தின் இரைச்சலை மாதிரியாகக் கொடுத்தால், அதைப் போன்ற எதையும் பாடல் முழுவதிலிருந்தும் கழித்துவிடும். மற்ற எந்தத் தட்டிலும் இதை அளவோடு பயன்படுத்தலாம். இந்தப் பாடல் கடல் அலையோசையோடு தொடங்குகிறது. ரெடிங் இறந்த பிறகு, அவரோடு சேர்ந்து பாடலை எழுதிய ஸ்டீவ் க்ராப்பர் கலவையை முடித்தபோது அலைகளையும் கடற்காக்கைகளின் கூச்சலையும் சேர்த்தார். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கரையில், சாசலிட்டோவில் ஒரு படகு வீட்டில் தங்கியிருந்தபோது ரெடிங் எழுதத் தொடங்கிய பாடல் அல்லவா? கணினியின் பார்வையில் அலையோசையும் தேய்ந்த தட்டின் சீற்றமும் ஒன்றே: எல்லா அதிர்வெண்களிலும் பரவிய, சுருதியற்ற ஒலி. சோதனைக்காகக் கழித்துப் பார்த்தேன்; தட்டின் சீற்றம் போனது, கூடவே கடலும் வற்றியது. குரல் மட்டும் அறைக்குள் தனியே நின்றது. அந்தக் கோப்பை அழித்துவிட்டேன். மென்பொருள் விற்பவர்களின் ‘ஒரே சொடுக்கில் புதுப்பொலிவு’ விளம்பரங்கள் எல்லாம் ஸ்டூடியோவுக்குள் மட்டுமே நடக்கும் பாடல்களை மனத்தில் வைத்து எழுதியவை போலும்.

ஆகவே சீற்றத்தைத் தொடாமல், கீறலால் வரும் ‘டிக்’ ஒலிகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்தேன். ஆடாசிட்டி என்னும் ஒலித்திருத்த மென்பொருளில் உள்ள ‘ரிப்பேர்’ கருவி ஒரே நேரத்தில் 128 மாதிரிகள், அதாவது ஒலி அளவீடுகள், வரை மட்டுமே சரி செய்யும். 96 கிலோஹெர்ட்ஸில் அது 1.33 மில்லிநொடி, சரியாக ஒரு சுற்றின் ஆயிரத்தில் ஒரு பங்கு. தற்செயல்தான் என்றாலும் கணக்குப் பார்த்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை குறுக்கிடுவதால் டிக் ஒலியும் 1.33 நொடிக்கு ஒன்றாக வரும். முதலாவதைக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்தது எங்கே இருக்கும் என்று அளந்தே போய்விடலாம். அலை வடிவத்தில் அது ஒரு மெல்லிய முள்ளாக நிமிர்ந்து நிற்கும். முள்ளின் இரு பக்கமும் சில மாதிரிகளை மட்டும் விட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிரம் அடியின் முகப்பும் கிட்டத்தட்ட அதே வடிவில் இருப்பதால், டிரம் வாசித்த அல் ஜாக்சனின் தாளத்தைக் கீறலென்று எண்ணி வெட்டிவிடாதபடி ஒவ்வொன்றையும் ஹெட்போனில் கேட்டு உறுதி செய்தேன்.

இறுதியில் வரும் சீழ்க்கையை மட்டும் என்னால் முழுமையாக மீட்க முடியவில்லை. முடிவில் வழக்கமாகத் தோன்றியபடி ஏதாவது பாடுகிற ரெடிங், அன்று சொல் அமையாமல் சீழ்க்கையடித்தார் என்று க்ராப்பர் பின்னாளில் கூறியிருக்கிறார். உலகமே நினைவில் வைத்திருக்கும் அந்தச் சீழ்க்கை, தட்டில் மிக மோசமான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்கடியில் நொடிக்கு ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் தடம் ஓடும். லேபிளை நெருங்கும்போது அது 25 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். அதே ஒலியைக் குறைந்த நீளத்தில் நெருக்கி எழுதியிருப்பதால் தேய்மானம் அங்கேதான் அதிகம் கடிக்கும். சீழ்க்கையோ கிட்டத்தட்ட ஒற்றைச் சுருதி. அதில் ஏறிய கரகரப்பை மறைக்க வேறு கருவியின் ஓசை போதாது. மேல் அதிர்வெண்களைச் சற்றே தணித்ததற்கு மேல் நான் எதுவும் செய்யவில்லை. புதிய வெளியீட்டிலிருந்து அந்தப் பகுதியை எடுத்து ஒட்டுவது சில நிமிட வேலை. அப்படிச் செய்தால் அது இந்தத் தட்டின் பதிவாக இருக்காது.

கோப்பை எடுத்துப் போய் அவருடைய வரவேற்பறையில் ஒலிக்கவிட்டபோது, அம்மையார் கீறல் இருந்த இடம் வரை உடன் பாடிக்கொண்டே வந்து, அங்கே ஒரு வரி முந்திப் போய், நிறுத்திச் சிரித்தார். “சரியாகத்தான் செய்திருக்கிறாய் தம்பி. ஆனால் தாவுகிறது ஒன்றும் வேண்டும், அண்ணன் பிள்ளைகளுக்கு அதுதான் தெரியும்” என்றார். 2 கிராம் அழுத்தத்தில் அந்தப் பகுதியை மட்டும் ஓட்டிப் பதிந்த சோதனைப் பதிவு கையில் இருந்ததால், தட்டை மீண்டும் தேய்க்காமல் முழுப் பதிவின் நடுவில் அதைப் பொருத்தி இரண்டாவது கோப்பைத் தயாரித்தேன். கோப்பின் பெயரிலேயே ‘நாணயம் உள்ளது’, ‘நாணயம் இல்லாதது’ என்று குறித்துக் கொடுத்தேன்.

தட்டு இப்போது அமிலமற்ற புதிய உறையில், செங்குத்தாக, வெயில் படாத அலமாரியில் இருக்கிறது. பழைய காகித உறையும் இறுதிச் சடங்கு மடலும் தனித்தனிப் பாலியெஸ்டர் உறைகளில், ஆனால் அதே பெட்டியில் உள்ளன. வேறு வேறு இடங்களில் வைப்பதை அம்மையார் ஏற்கவில்லை. மறுபக்கத்தையும் பதிந்தேன். மை படிந்திருந்ததைத் தவிர அந்தப் பக்கம் கடையிலிருந்து வந்ததுபோலவே இருந்தது. 2 கிராமில் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது, கரகரப்பும் இல்லை. அந்த வீட்டில் யாருமே தட்டைத் திருப்பிப் போட்டதில்லை என்பது கேட்டவுடனே தெரிந்தது. அம்மையார் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நல்ல பாட்டுதான், இதையும் தங்கைக்கு அனுப்பு, அவள் இது சாட்டிலைட் கடையிலேயே கேட்டது என்று சொல்லக்கூடும் என்றார்.